ஓவர்சியரின் சிவப்புக் கோடு

எழுபதுகளின் கடைசியில் நான் நகரமைப்பு மேற்படிப்பு மாணவன். நாமக்கல் பக்கத்து ஊர் ஒன்றில், பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று ஒரு பழைய கல்சத்திரத்தை அளந்து வரைந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் அவ்வூர் ஓவர்சியர். ஒல்லியான மனிதர். காதில் செருகிய சிவப்புப் பென்சிலை நாக்கில் தொட்டுத்தான் எழுதுவார். வரைபடத்தின் நகலை நம்பி அவரிடமே கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்துப் போனால், சத்திரம் நின்ற இடத்தில் தார் ரோடு.

"யாரைக் கேட்டு இடிச்சீங்க?" என்று அவர் மேசையில் ஓங்கி அடித்தேன்.

அவர் என் வரைபடத்தை விரித்தார். சத்திரத்தின் குறுக்கே சிவப்புக் கோடு.

"இதை வெச்சுத்தானுங்க இடிச்சோம். அளவு ஒரு அங்குலம் பிசகலைங்க. அருமையாப் போட்டிருந்தீங்க."

மனதாரத்தான் சொன்னார். அந்தப் பாராட்டை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.