வளர்ந்தோருக்கு மட்டும் ஒரு கடற்கரை விடுதி

தன் வீட்டில் நிம்மதியாக உறங்கக்கூடிய எவரும் விடுதிக்கு வருவதில்லை என்பதை, இந்தத் தொழிலில் நுழைந்த முதற் கிழமையிலேயே நாம் அறிந்துகொள்கிறோம். என்னைப் போல் இதில் அகப்பட்டுத் துன்பப்பட்ட வாசகர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சிலவற்றை எழுதிவைக்கிறேன்.

பெண்கள் பாடசாலையொன்றின் மாணவியர் விடுதியில் நெடுங்காலம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, பிள்ளைகளே இல்லாத இடத்தில் வேலை என்பது வரமாகத் தோன்றியது. கீரிமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடைப்பட்ட கரையில் திரு. அருளம்பலம் ஒரு விடுதி கட்டியிருந்தார். மலேசியாவில் பொறியியலாளராக இருந்தவர்; அங்கே ஏதோ ஒரு கடற்கரையில் கண்டதை இங்கே கொண்டுவர விரும்பினார். பளிங்குத் தரை, கடலை நோக்கிய மாடங்கள், நீச்சல் தடாகம், மணலில் வரிசையாகச் சாய்மனைக் கதிரைகள். வாசற் படலையில் ஒரு பலகை: ‘பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் மட்டும்.’ அமைதியை நாடும் வெளிநாட்டார் அந்தப் பலகைக்காகவே வருவார்கள் என்று அவர் நம்பினார். எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் விடுதியைத் திறந்தோம். சிலர் வந்தார்கள். அவ்வாண்டு ஆடி மாதத்து இனக்கலவரத்துக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

அன்று தொட்டு எங்களுக்கு ஒரே கவலைதான். அந்நாள்களில் ஆளில்லாத பெரிய கட்டிடம் நெடுநாள் ஆளில்லாமல் இருப்பதில்லை. துவக்கு ஏந்திப் போரிடுவோர் எவராவது வந்து தங்கிவிடுவர். அவர்கள் எந்தப் பக்கத்தவர் என்பது அந்தந்தக் கிழமையைப் பொறுத்தது. தங்கிவிட்டால் பிறகு அது கட்டியவருடையதன்று. திரு. அருளம்பலத்துக்கு மனைவியுமில்லை, மக்களுமில்லை. அந்தக் கட்டிடம் ஒன்றே இருந்தது. ஆகவே உள்ளே விருந்தினர் இருக்க வேண்டும். எப்பொழுதும், எவராவது.

தேனிலவு

வெளிநாட்டார் இல்லையென்றால் உள்ளூர்ப் புதுமணத் தம்பதியர் வரட்டும் என்று முடிவு செய்தோம். முதலில் வந்தவர்கள் அச்சுவேலியைச் சேர்ந்தவர்கள். காரின் கதவு திறந்தது. மாப்பிள்ளை இறங்கினார், பெண் இறங்கினாள், பெண்ணின் தாயார் இறங்கினார், தாயாரின் தமக்கையார் இறங்கினார், கடைசியாக ஒரு மாமனார் அடுக்குச்சட்டியுடனும் ஒரு சுளகு நிறையப் பனங்கிழங்குப் புழுக்கொடியலுடனும் இறங்கினார். இது தம்பதியர் தனித்திருப்பதற்கான இடம் என்பதை நான் இயன்றவரை பணிவாக எடுத்துரைத்தேன். தாயார் பலகையைச் சுட்டிக்காட்டினார். “பதினாறுக்கு மேலை எண்டுதானே பிள்ளை போட்டிருக்கிறியள்? அக்காவுக்கு அறுபது முடிஞ்சுது. இன்னும் எவ்வளவு வளரவேணும்?” நான் இன்னும் இரண்டு அறைகளைத் திறந்துவிட்டேன்.

மாலையில் மாடத்தில் தம்பதியர் கடலைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தனர். கடற்காற்றுத் தடிமனையும் காய்ச்சலையும் தரும் என்பதால் பெரியதாயார் பெண்ணின் தலையில் துவாயொன்றைக் கட்டிவிட்டு, இருவருக்கும் நடுவில் தாமே கதிரை போட்டு அமர்ந்துகொண்டார். மறுநாளும் அவ்வாறே. அதற்கு மறுநாட் காலை மாப்பிள்ளை தனியாக என்னிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“மிஸ், இஞ்சை பெரியாக்கள் வரக்கூடாத இடம் ஏதும் இருக்கோ?”

சாய்மனைக் கதிரைகள்

ஒருவரும் வராத மாதங்களும் இருந்தன. தெருவிலிருந்து பார்த்தாலும் கடலிலிருந்து பார்த்தாலும் விடுதியில் ஆள் இருப்பதாகத் தோன்ற வேண்டும் என்று திரு. அருளம்பலம் சொன்னார். ஆகவே பிற்பகல்களில் பணியாளர் எல்லோரும் மணலில் இருந்த சாய்மனைக் கதிரைகளில் விருந்தினரைப் போல் படுத்திருக்க வேண்டும் என்பது கட்டளை. நானும் குடையின் கீழ் ஒரு புத்தகத்துடன் அமர்ந்தேன், சாயவில்லை. சமையற்காரர் சின்னத்துரை, யாரோ ஒரு வெள்ளைக்காரர் மறந்துவிட்டுப் போன கறுப்புக் கண்ணாடியை அணிந்து, கோடு போட்ட துவாயின் மேல் காலுக்கு மேல் கால் போட்டுப் படுத்தார். விருந்தினராக இருப்பதில் அவருக்கு இயல்பாகவே ஒரு திறமை இருந்தது.

அவருடைய மனைவி ஒவ்வொரு நாளும் கரை வழியாக மீன் கொண்டுவந்து குசினியில் கொடுத்துச் செல்பவள். அன்று மீன் கடகத்தைத் தலையிலிருந்து இறக்காமலே அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் எழும்பவில்லை. “எழும்பக்கூடாது எண்டு ஐயா சொன்னவர்,” என்றார். அவள் அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். பிறகு குடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எங்கள் நிலையை விளக்கினேன். ஆள் இருப்பதாகத் தெரியாவிட்டால் கட்டிடம் பறிபோய்விடும் என்றேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“சரி மிஸ், கட்டிடத்தைக் காப்பாத்துங்கோ. ஆனால் இவரை இப்பிடியே வீட்டுக்கு அனுப்பிப் போடாதையுங்கோ, பழகிப்போவார்.”

கடல் பார்த்த அறை

ஒவ்வொரு யன்னலும் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை, கட்டில் வைக்கப்படவிருந்த இடத்தில் வெறுந்தரையில் படுத்துப் பார்த்தே திரு. அருளம்பலம் முடிவு செய்தாராம். தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே கடலைக் காணலாம். பின்னர், கடலில் தொலைவில் நின்ற கப்பல்களிலிருந்து கரையை நோக்கிக் குண்டுகள் வரத் தொடங்கின. நாள்தோறும் இல்லை; ஆனால் எந்த நாள் என்று எவருக்கும் தெரியாது.

நல்லூரிலிருந்து ஒரு வங்கி அதிகாரி வந்தார். நெஞ்சு நோவுக்கு ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் அவரை மேல்மாடிக்கு அழைத்துச் சென்று திரைச்சீலையை விலக்கினேன். அவர் ஒரு கணம் பார்த்தார். உடனே சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டார். குசினிக்குப் பின்னால் ஏதேனும் அறை உண்டா என்று கேட்டார். உண்டு, தேங்காயும் விறகும் அடுக்கும் அறை. புகை வரும், யன்னல் இல்லை, பக்கத்தில் அம்மி அரைக்கும் ஓசை கேட்கும் என்றேன். ஒவ்வொரு குறையையும் நான் சொல்லச் சொல்ல அவருடைய முகம் தெளிந்தது. அதற்குப் பின் வந்தவர்களும் அதையே கேட்டார்கள். கடலை நோக்கிய அறைகள் விரித்த விரிப்புக் கலையாமல் கிடந்தன. தேங்காய் அறைக்குப் போட்டி. தம் யன்னல்களை ஒருவரும் விரும்பவில்லையே என்று முதலாளி மனம் நொந்து, அந்த அதிகாரியிடமே காரணம் கேட்டார். அவர் மரியாதையாக எழுந்து நின்று சொன்னார்:

“உங்கடை கடல் நல்ல வடிவு, ஐயா. நான் அதைப் பாக்கிறதிலை ஒரு பிரச்சினையுமில்லை. அது என்னைப் பாக்கக்கூடாது.”

முப்பத்தோராம் நாள்

இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யக் குடாநாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் கீரிமலைக்கு வருவார்கள். பேருந்து ஓடுமா, தெரு திறந்திருக்குமா என்பது நிச்சயமில்லாத காலம். ஆகவே முதல்நாளே வந்து தங்க இடம் தேடினார்கள். எங்கள் விடுதிதான் அருகில் இருந்தது. திரு. அருளம்பலம் மறுத்துவிட்டார். “இது சந்தோஷத்துக்குக் கட்டின வீடு, மிஸ்.” சந்தோஷம் வரும்வரை வீடு நிற்க வேண்டுமே என்றேன். அவர் தலையசைத்தார். சின்னத்துரை மீன்சட்டிகளைக் கழுவிப் பரணில் ஏற்றினார். அதற்குப் பின் எங்கள் விடுதியில் ஆள் இல்லை என்ற நிலை அநேகமாக ஏற்படவில்லை. அந்த நாட்டில் அந்தக் காலத்தில் வேறெந்தத் தொழிலுக்கும் அவ்வளவு தடையின்றி வாடிக்கையாளர் வந்திருக்க மாட்டார்கள்.

தென்மராட்சியிலிருந்து வந்த ஓர் அம்மா நினைவில் நிற்கிறார். கணவர் நோயினால் காலமானவர். அந்த நாள்களில் அதையும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குத் தேனிலவுக்கென்று அமைத்த அறையைக் கொடுத்தேன். வேறு இடம் இருக்கவில்லை. அவர் கட்டிலில் ஏறாமல் விளிம்பில் அமர்ந்து, விரிப்பைக் கையால் தடவிப் பார்த்தார். யன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். எதுவும் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றவர், நான் கதவை மூடப்போகும் வேளையில் என்னைக் கூப்பிட்டார்.

“முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினனான், பிள்ளை. ஒருக்காலும் என்னை இப்பிடி ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வராத மனிசன், இப்பதான் கூட்டிக்கொண்டு வந்திருக்குது.”

எந்த அறை

அறையைக் கழுவித் தெளித்தால் துடக்கு என்ற சாவுத் தீட்டுப் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆயினும், தெரிந்திருப்பது வேறு, புதுப்பெண்ணை அந்தக் கட்டிலில் படுக்கவைப்பது வேறு. ஒரு முறை நல்லூரிலிருந்து கலியாண வீட்டார் வந்தார்கள். எட்டு அறைகளும் இரண்டு கிழமைக்கு வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் கனடாவிலிருந்து வருகிறார்களாம். திரு. அருளம்பலத்தின் முகத்தில் பல ஆண்டுகளுக்குப் பின் நிறம் ஏறியது. பெண்ணின் தகப்பனார் புறப்படும் வேளையில் என்னிடம் திரும்பி, கீரிமலைக்கு வருகிறவர்கள் எந்த அறையில் தங்குவார்கள் என்று கேட்டார். கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்வது என் வழக்கம். “எல்லா அறைகளிலும்,” என்றேன்.

கார் தெருவில் ஏறும்வரை முதலாளி படலையில் நின்றார். பிறகு திரும்பி வந்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

“மிஸ், உங்களைப் பொய் சொல்லச் சொல்லி நான் ஒருநாளும் கேக்கமாட்டன். கொஞ்சம் காது கேக்காத மாதிரி நிண்டிருக்கலாம்.”

படலைக்கு வெளியே

தொண்ணூறாம் ஆண்டின் நடுப்பகுதியில் சண்டை மீண்டும் மூண்டது. ஒரு நாட் காலை கதவைத் திறந்தபோது, மதிலோரமாகத் தெரு நீளத்துக்கும் குடும்பங்கள் அமர்ந்திருந்தன. துவிச்சக்கர வண்டிகள், பாய்கள், ஒரு தையல் இயந்திரம், எங்கும் பிள்ளைகள். பின்புறத்து ஊர்களில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. படலை பூட்டியிருக்கவில்லை, கொளுக்கி மட்டுந்தான். தள்ளினால் திறந்திருக்கும். ஆயினும் ஒருவரும் தள்ளவில்லை. பலகையை எல்லோரும் வாசித்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான். தலைக்கு மேல் குண்டு பறந்தாலும் எழுதிவைத்த பலகையை மீற மாட்டார்கள். அவர்களைப் போன்றோருக்கு அப்படிக் கற்பித்தவர்களில் நானும் ஒருத்தி.

திரு. அருளம்பலம் என் பின்னால் வந்து நின்றார். அவர் கல்நெஞ்சர் அல்லர். பலகை இருக்கும்வரை இது ஒரு விடுதி. எடுத்துவிட்டால் இது முகாம். முகாமென்றால் எவரும் வந்து பொறுப்பெடுத்துக்கொள்வர் என்பதே அவருடைய அச்சம். மதிலோரத்தில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையை மடியில் வைத்து, இன்னும் இரண்டு பிள்ளைகளைச் சேலைத் தலைப்பால் வெயிலிலிருந்து மறைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும், இடைஞ்சல் கொடுத்துவிட்டோமே என்பதுபோல் எழுந்து நின்றாள். அவள் கேலி செய்யவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். அவள் வாய் திறந்த பின்தான் முதலாளி தாமே போய்க் கொளுக்கியைக் கழற்றினார். அவள் சொன்னது இதுதான்:

“பறவாயில்லை ஐயா, பிள்ளையள் வளருமட்டும் நாங்கள் வெளியிலை இருக்கிறம்.”

நிறைந்த விடுதி

விடுதி அன்றுதான் முதன்முதலாக முழுமையாக நிறைந்தது. கடலை நோக்கிய அறைகளிலும் ஆட்கள், மாடிப்படியிலும் ஆட்கள், தண்ணீரில்லாத நீச்சல் தடாகத்தில் பிள்ளைகள் கிளித்தட்டு மறித்து விளையாடினார்கள். இவ்வளவு ஆள் இருக்கும் கட்டிடத்தை இனி எவரும் எடுக்க மாட்டார்கள் என்று திரு. அருளம்பலம் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அந்தக் கிழமை அவர் நன்றாக உறங்கினார் என்று நினைக்கிறேன்.

பிறகு செய்தி வந்தது. படை முன்னேறி வருகிறது, கரையோரம் முழுவதும் வெளியேற வேண்டும்; எல்லோரும், உடனே. பொழுது சாயுமுன் அத்தனை பேரும் பாய்களையும் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு தெற்கே நடந்துவிட்டார்கள். பலர் புறப்படுமுன் அறையைக் கூட்டி, துவாயை மடித்து வைத்துவிட்டே சென்றார்கள். சின்னத்துரையும் மனைவியும் போனார்கள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஆட்கள் எழும்பிய அறையை ஒழுங்குபடுத்துவது என் வேலை. மேல்மாடியில் தொடங்கி ஒவ்வொரு கட்டிலிலும் விரிப்பை உதறி, மூலைகளை மடித்து விரித்துக்கொண்டு வந்தேன். கடைசி அறையில் நான் தலையணையைத் தட்டி வைக்கும்போது, கையில் ஒரு சிறு பையுடன் திரு. அருளம்பலம் வாசலில் வந்து நின்றார். என் கைகளைப் பார்த்தார்.

“ஆருக்கு மிஸ் உந்தக் கட்டிலை விரிக்கிறியள்?”

விருந்தினர் நேரத்துக்கு வெளியேறுவதில்லை என்று இத்தொழிலில் இருப்போர் எல்லோரும் குறைப்பட்டுக்கொள்வர். அந்த ஒரு குறையை மட்டும் என்னால் சொல்ல இயலாது.