மார்க் அக்கா போட்ட சுரங்கம்

ஏதாவது ஒரு கம்பெனியின் சேவை எண்ணுக்கு ஃபோன் செய்தால், "இந்த அழைப்பு தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று ஒரு குரல் சொல்லும். சும்மா சொல்கிறார்கள், இதையெல்லாம் யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வோம். கேட்க ஆள் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பதினாறு வருடமாக ஒருத்தி கேட்கிறாள். பேசிய பெண் மரியாதையாகப் பேசினாளா, நடுவில் பெருமூச்சு விட்டாளா, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு நாலு நிமிஷம் காக்க வைத்தாளா என்று பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று போடுவாள். அதனால் ஆபீஸில் அவள் மார்க் அக்கா. ஒன்பதுக்கு மேல் அவளிடம் வாங்கியவர்கள் கிடையாது.

வீட்டில் இரண்டே பேர், அவளும் அவள் வீட்டுக்காரரும். அவர் ஒயர்மேன். ஊரில் பாதி வீட்டின் சுவருக்குள் ஓடுவது அவர் இழுத்த ஒயர்தான். வாய் ஓயாத மனிதர். ஏணி மேல் நின்றுகொண்டும் கீழே நிற்பவரிடம் கதை சொல்வார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அவள் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தால் எதிரில் வந்து நின்று, வாயை மட்டும் அசைத்து ஊமைப் படம் காட்டுவார். அவள் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மார்க் போடுவாள்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. பெரிய ஆஸ்பத்திரி முடிந்து, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளியிருந்த, கைகாலையும் பேச்சையும் திரும்பப் பழக்கும் பயிற்சி மனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அக்கா அழவில்லை. பார்க்க வந்தவர்கள் அவள் அழுவாள் என்று கர்ச்சீப்போடு வந்து, அதை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் போல மனசு முழுக்க மரத்துப்போயிருந்தது. டாக்டர் பேசும்போதுகூட, இவர் கேள்வியை முடிக்கவிடாமல் பதில் சொல்கிறார், ஆறு மார்க் என்றுதான் தோன்றியது.

அந்த ஆறு மார்க் டாக்டர் ஒன்று சொன்னார். "முதல் மூணு மாசம்தான் முக்கியம். பழகின ஆள் பக்கத்துல இருக்கணும், பழகின குரல் காதுல விழணும். இல்லேன்னா பேச்சு திரும்பறது கஷ்டம்."

லீவு தீர்ந்துபோயிருந்தது. இவளுடைய டீம் லீடருக்குத் தம்பி வயது. "மேடம், இன்னும் ஒரு நாள் லீவு போட்டாலும் என்னால காப்பாத்த முடியாது. ஆஸ்பத்திரியிலேருந்து வேலை பார்க்கவும் முடியாது. கஸ்டமர் குரல் இருக்கு, வீட்டு லைன்லேருந்துதான் உள்ள வரணும், பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது. ரூல்." வேலை போனால் கம்பெனி எடுத்துக் கொடுத்த காப்பீடும் போகும். அது போனால் கட்டிலும் டாக்டரும் பயிற்சியும் போகும். வேலைக்காக வீட்டில் இருந்தால் அவருடைய பேச்சு போகும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து.

கம்ப்யூட்டர் கடைக்காரர்தான் வழி சொன்னார். "வி.பி.என். போட்டுடுங்க. ரெண்டு பெட்டி. ஒண்ணு வீட்ல எப்பவும் ஓடணும், இன்னொண்ணு உங்க கையோட வரணும். லேப்டாப்பை கையில இருக்கற பெட்டியில சேர்த்தீங்கன்னா, எல்லாம் சுரங்கத்துக்குள்ள போற மாதிரி நேரா உங்க வீட்டுக்குப் போய், அங்கேருந்துதான் வெளிய வரும். ஆபீஸ்லேருந்து பார்த்தா நீங்க வீட்லயே இருப்பீங்க."

"திருட்டுத்தனம் இல்லையா?"

"பெட்டியில திருட்டுத்தனம் எதுவும் இல்ல மேடம்," என்றார் அவர், பெட்டியைத் துடைத்துக்கொண்டே.

ஒரு சனி, ஒரு ஞாயிறு போயிற்று. ஒவ்வொரு பெட்டிக்கும் நாற்பத்து நாலு எழுத்தில் ஒரு சாவி. இதன் சாவியை அதில் போட வேண்டும், அதன் சாவியை இதில். அக்கா முதலில் இதனுடையதை இதிலேயே போட்டுவிட்டு, அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். பிறகு, வெளியிலிருந்து வரும் பெட்டி உள்ளே நுழைய ரவுட்டரில் ஒரு கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது. திறந்தும் வரவில்லை. கடைக்காரரைக் கேட்டால், உங்கள் வீட்டு லைனுக்குத் தனி முகவரி இல்லை, பத்து வீட்டுக்குச் சேர்த்து ஒன்றுதான், தனியாகக் கேட்டு வாங்குங்கள் என்றார். இன்டர்நெட் கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். அந்தப் பெண் பொறுமையாக எல்லாம் செய்துகொடுத்தாள். பழக்கதோஷம், ஏழரை போட்டாள். ஞாயிறு சாயங்காலம் கீழ்வீட்டுத் தையல்காரம்மா வீட்டில் உட்கார்ந்து ஃபோன் இன்டர்நெட்டில் பெட்டியைப் போட்டுப் பார்த்தாள். திரையில் மாடியில் இருக்கும் தன் வீட்டு லைனின் முகவரி வந்தது. வேறொரு சமயமாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். லேப்டாப்பை மூடிவிட்டு மாடிக்குப் போனாள்.

திங்கட்கிழமை எட்டரைக்குப் பயிற்சி மனைக்குப் போய்விட்டாள். இரண்டு கட்டில் அறை, பக்கத்துக் கட்டில் காலி. வீட்டுக்காரர் கண்ணால் அவளைத் தொடர்ந்தார். பெட்டியை ஜன்னலோரம் வைத்து மாட்டினாள். பச்சை விளக்கு எரிய வேண்டும். சிவப்பு எரிந்தது. அணைத்துப் போட்டாள். சிவப்பு. சாவியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். எட்டு ஐம்பத்தைந்து. நேற்றுவரை ஓடியதற்கு இன்று என்ன கேடு?

தான் காலையில் செய்ததை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள். விளக்கை அணைத்தாள், ஜன்னலைச் சாத்தினாள், செருப்பை மாட்டினாள், பிறகு...

இங்கே ஒயர்மேன் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பூட்டிக்கொண்டு கிளம்பினால் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட வேண்டும். ஊர் முழுக்கத் தீப்பிடித்த வீடுகளைப் பார்த்தவர் போட்ட சட்டம். கல்யாணமான நாளிலிருந்து அவள் கை மெயினை இறக்காமல் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. இன்றும் கை தானாகப் போயிருக்கிறது. இரண்டு நாள் பாடுபட்டுத் தோண்டிய சுரங்கத்தின் மறுமுனையைத் தானே இருட்டாக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

மாற்றுச்சாவி தையல்காரம்மாவிடம் இருந்தது. ஆனால் அந்த அம்மா கரண்ட் என்றால் பத்தடி தள்ளி நிற்பவள். தையல் மெஷினுக்கு மோட்டார் வைக்கச் சொன்னதற்கே ஒயர்மேனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள். வேறு வழியில்லாமல் அக்கா அவளுக்கு ஃபோன் போட்டாள்.

"ஏம்மா, நான் தொட்டு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. மேல தள்ளுங்க, அவ்ளோதான்."

"செருப்புப் போட்டுக்கவா?"

"போட்டுக்கோங்க."

"உன் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லேன், எனக்கு தைரியமா இருக்கும்."

அக்கா கட்டிலைப் பார்த்தாள். பிறகு தையல்காரம்மாவே, "சரி, சரி, அளவுக்கட்டையால தள்றேன்," என்றாள். டக்கென்று ஒரு சத்தம், கூடவே ஓர் அலறல், "ஃபேன் சுத்துது" என்ற அறிவிப்பு. நாலு நிமிஷம் கழித்து பச்சை எரிந்தது.

ஒன்பது இருபதுக்கு டீம் லீடர் கூப்பிட்டார். "ஏன் மேடம் லேட்டு?"

"வீட்ல கரண்ட் இல்ல சார்." சுத்தமான உண்மை. ஆபீஸிடம் அவள் சொன்ன கடைசி உண்மை என்றும் சொல்லலாம்.

அதன் பிறகு தடங்கல் இல்லை. தினமும் எட்டரைக்கு வருவாள், கூழாக அரைத்த சாப்பாட்டை ஊட்டுவாள், ஒன்பதுக்கு ஹெட்ஃபோனை மாட்டுவாள். அறையில் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்கும். மத்தியானம் இன்னொரு முறை ஊட்டுவாள். ஆறு மணிக்குக் கழற்றி, அவர் முகத்தைத் துடைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிப்பாள். பழகின குரல் காதில் விழ வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவள் மறக்கவில்லை. என்ன பேசுவதென்றுதான் தெரியவில்லை. அந்த வீட்டில் பேச்சு அவர் பொறுப்பில் இருந்தது. கேட்பது மட்டுமே இவள் பொறுப்பு.

பன்னிரண்டாவது நாள், மாதாந்திர விசாரணை. டீம் லீடர் எல்லோரிடமும் கேட்கும் கேள்விகள்தான். கேள்வி அவள் காதுக்குள் மட்டும் கேட்டது, பதில் அறைக்குக் கேட்டது.

"வீட்லதானே இருக்கீங்க மேடம்?"

"ஆமா சார், வீட்லதான்."

"ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல சார். நான் மட்டும்தான்."

கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. குழறலாக, கரகரப்பாக, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக.

"நான்... இருக்கேன்ல."

ஒன்பது வாரம் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு. அக்கா திரும்பினாள். அவர் தலையைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார்.

"பின்னாடி யாரோ பேசின மாதிரி இருந்துச்சே?" என்றார் டீம் லீடர்.

வீட்டுக்காரரின் கண்ணைப் பார்த்தபடியே அக்கா சொன்னாள். "டிவி சார். அணைச்சுடறேன்."

குரலில் நடுக்கமில்லை, பெருமூச்சில்லை. வேறு யாராவது அப்படிப் பேசியிருந்தால் ஒன்பது கொடுத்திருப்பாள். டீம் லீடர் நன்றி சொல்லி வைத்தார். வேலை பிழைத்தது. வீட்டுக்காரர் தலையைத் தலையணையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்குப் பேச்சுப் பயிற்சி டீச்சர் வந்தாள். நோயாளி சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் எழுதி வைக்கிற ஒரு நோட்டு அவளிடம் இருந்தது. ஒயர்மேனின் பக்கம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. வழக்கம்போல, "ஏதாவது பேசினாரா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் அக்கா. இன்னும் எத்தனை தடவை அவரை இல்லாமல் ஆக்குவது என்று தோன்றியது.

"பேசினார். 'நான் இருக்கேன்ல'ன்னு சொன்னார்."

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. "முழு வாக்கியமா! சும்மா உளறல் இல்லீங்க இது, புரிஞ்சு சொல்லியிருக்கார்." கடகடவென்று எழுதினாள். பிறகு நிமிர்ந்து, "எதுக்குப் பதிலா சொன்னார்? அதையும் எழுதணும். நீங்க என்ன கேட்டீங்க?" என்றாள்.

வீட்டுக்காரர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி அவளையே பார்த்தார்.

"நான் எதுவும் கேக்கல," என்றாள் அக்கா. "இங்க யாரும் இல்லைன்னு சொன்னேன்."

டீச்சரின் பேனா நின்றது. ஒன்பது வாரம் வராத அழுகை அக்காவுக்கு அப்போது வந்தது. ஒன்பது மணி அடித்தும் அவள் ஹெட்ஃபோனை மாட்டவில்லை.