நாற்பது வருட இத்தா

அத்தா இறந்த பிறகு அம்மா இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளில், நானும் அம்மாவும் இங்கிலாந்து ராஜா ராணி படங்களாகப் பார்த்துத் தள்ளினோம். துக்க வீட்டில் என்ன படம் வேண்டிக்கிடக்கிறது என்று சிலர் கேட்கத்தான் செய்தார்கள். புருஷனை இழந்தவள் அத்தனை நாளும் வாசலைத் தாண்டக் கூடாது. நகை கூடாது, அத்தர் கூடாது, வெள்ளைச் சேலைதான். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டின் உள்ளறையில் அம்மா தொழுது, ஓதி, சாப்பிட்டு முடித்த பிறகும் பகல் நீளமாகக் கிடந்தது. மகள் நான், சென்னை வேலையை மடிக்கணினியில் பார்த்துக்கொண்டு துணைக்கு இருந்தேன்.

தமிழ்ப் படம் போட்டால் ஐந்து நிமிடத்தில் பாட்டு வந்துவிடும், அம்மா நிறுத்தச் சொல்லிவிடுவார். வெள்ளைக்கார ராஜாக்கள் பாடுவதில்லை. ஆடினாலும் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடந்து போவது மாதிரிதான் ஆடுகிறார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து நானே கதை சொல்வேன். எனக்குப் பிடிக்காத மந்திரிகளைக் கொஞ்சம் கூடுதலாகவே கெட்டவர்களாக்கினேன்.

அம்மா பார்த்ததெல்லாம் வேறு. "இத்தனை பெரிய வீட்டுல சாவி யாருகிட்ட இருக்குன்னே காட்ட மாட்டேங்கறாங்களே" என்பார். பட்டாபிஷேகக் காட்சியில், "அந்தப் புள்ளை கழுத்து வலிச்சுக் கிடக்குது, கிரீடத்தை இறக்கி வைக்க ஒருத்தருக்கும் தோணலை" என்றார். ராணி சாப்பிட்டு முடித்தவுடன் எல்லார் தட்டையும் எடுத்துவிடும் காட்சி வந்தபோது அம்மாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. பசியோடு எழுப்பிவிடுகிற வீட்டில் எப்படி பரக்கத்தும் விருத்தியும் இருக்கும் என்று கேட்டார்.

அத்தாவின் அக்காவை நாங்கள் குப்பி என்போம். ஒரு நாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு வந்தவர், டிவியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இத்தாவுல வெளி ஆம்பிளைங்க முகத்தைப் பாக்கக் கூடாதுங்கறோம். நீ என்னடான்னா இத்தனை வெள்ளைக்காரனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறே?"

"அவங்க எல்லாம் மவுத்தாகி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க்கா" என்றார் அம்மா.

குப்பி சிரித்துவிட்டார். அப்புறம் அவரும் உட்கார்ந்து முழுப்படத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இதற்கு நடுவில் எங்களுக்குள் ஒரு சின்ன இழுபறி ஓடிக்கொண்டிருந்தது. அத்தாவின் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நாற்பதாம் நாளே அம்மா சொன்னார். எல்லாம் வெள்ளை அரைக்கைச் சட்டை. அத்தா கடைவீதியில் சூட்கேஸ் கடை வைத்திருந்தார், கடைக்கு வேறு நிறம் போட்டதே கிடையாது. இத்தா முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். எனக்குக் கொடுக்க மனதில்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைதோறும் அவற்றை பீரோவிலிருந்து எடுத்து, இஸ்திரி போட்டு, மறுபடி மாட்டி வைப்பேன். பூச்சி வந்துவிடும் என்று காரணம் சொல்வேன். அதில் ஒரு சட்டையில் மட்டும் அவர் ஜும்மா தொழுகைக்குப் போட்டுக்கொள்ளும் அத்தர் வாசம் இருந்தது. அதற்கு இஸ்திரி போட மாட்டேன்.

இத்தா முடிய ஒரு வாரம் இருக்கும்போது, புருஷனை இழந்த ஒரு ராணியின் படம் வந்தது. அவள் கறுப்பு உடுத்துகிறாள். "நாம வெள்ளை, அவங்க கறுப்பு" என்றார் அம்மா. பிறகு ஒரு காட்சி. தினமும் சாயந்திரம் வேலைக்காரர்கள் செத்துப்போன அவள் புருஷனின் உடுப்பைக் கட்டிலில் எடுத்து வைக்கிறார்கள். முகம் கழுவ வெந்நீர் கொண்டுவந்து வைக்கிறார்கள். என்ன நடக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"எத்தனை நாளு இப்படி?"

"சாகற வரைக்கும். நாப்பது வருஷம்."

"போதும்னு யாரும் அவங்ககிட்டச் சொல்லலையா?"

"ராணிகிட்ட யாரும்மா சொல்ல முடியும்?"

"அதுவும் சரிதான்" என்றார். அவர் டிவியைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தா முடிந்த அன்று காலையில் அம்மா குளித்து, குப்பி கொண்டுவந்த புதுச் சேலையை உடுத்திக்கொண்டார். துஆ ஓதி முடிந்தது. குப்பி வீட்டுக்குக் கூட்டிப் போக வாசலில் கார் நின்றது. அம்மா வாசலுக்குப் போகாமல் பீரோவைத் திறந்தார். கடையிலிருந்து வந்த பெரிய சூட்கேஸ் ஒன்றை விரித்து வைத்து, சட்டைகளை மடித்து அடுக்கினார். கடையில் அத்தாவோடு வேலை பார்த்தவர்களுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

எனக்கு எங்கிருந்து அத்தனை ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "அதுக்குள்ள மறந்துடுச்சா உங்களுக்கு?" என்று குப்பியின் முன்னாலேயே கத்திவிட்டேன். அந்த வார்த்தைக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அம்மா கோபப்படவில்லை. மடித்துக்கொண்டே பேசினார்.

"புருஷனுக்குத்தான் நாலு மாசம் பத்து நாளு. அத்தாவுக்கு மக மூணு நாளுதான் துக்கம் காக்கணும். நீ எத்தனை வெள்ளிக்கிழமையா இஸ்திரி போட்டுக்கிட்டிருக்கறே? ராணிகிட்டத்தான் யாரும் சொல்ல முடியலை. நீ ராணி இல்லை கண்ணு."

நான் உட்கார்ந்து அழுதேன். நாலு மாதமாக அம்மாவுக்குத் துணை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அத்தாவை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை. குப்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது அம்மா சூட்கேஸை இன்னும் மூடியிருக்கவில்லை. "ஒண்ணு குறையுதே" என்றார். அது என் தலையணைக்கு அடியில் இருந்தது. போய் எடுத்துவந்து நீட்டினேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு சட்டையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"வெச்சுக்க. ஆனா பீரோவுல வைக்காதே. போட்டுக் கிழி."

அதன் பிறகு அம்மா காரில் ஏறினார்.

அந்தச் சட்டையை நான் வீட்டில் போடுகிறேன். முதல் துவையலிலேயே அத்தர் வாசம் போய்விட்டது. அன்று மட்டும் மறுபடியும் அழுகை வந்தது. போன மாதம் சேலம் போயிருந்தபோது கழுத்துப்பட்டி நைந்து நூல் பிரிந்திருந்ததை அம்மாவிடம் காட்டினேன். தைத்துத் தருவார் என்று நினைத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் வரும், போடு" என்றார்.