ஒல்லியாகிப் போன சம்பந்தியம்மா

தங்கச்சி கல்யாண பேனரை நானேதான் கம்ப்யூட்டரில் போட்டேன். எங்கள் செஞ்சியில் பொண்ணு மாப்பிள்ளை மட்டும் இருந்தால் அது பேனரே இல்லை. கீழே சொந்தக்காரர்கள் வரிசையாக வட்டத்துக்குள் சிரிக்க வேண்டும். முகம் கோணிப்போனால் பந்தியில் உட்காராமலே கிளம்பிவிடுவார்கள். மாப்பிள்ளையின் அம்மா, வல்லத்துக்காரர், மூக்குமேல் கோபம். அவர் முகத்தை நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்குப் பார்த்துத்தானா என் மனைவியின் தம்பி பழைய மானிட்டரைக் கழற்றிவிட்டு அகலமான ஒன்றை மாட்ட வேண்டும்? விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸை என் தலையில் கட்டியதும் இந்த மச்சான்தான். மொபைலில் நாலு வீடியோ பார்த்துவிட்டு ஆபரேஷனே செய்யக் கிளம்புகிற ரகம்.

மாட்டியதும் வட்டமெல்லாம் படுத்த முட்டையாகிவிட்டது. முகங்கள் உப்பிவிட்டன. செட்டிங்ஸில் ரெசல்யூஷனைத் திறந்தால், பழைய சதுரத் திரைக்கான 1024x768 ஒன்றே ஒன்று. மச்சான் கமாண்ட் அடிக்கிற கருப்புத் திரையைத் திறந்து எதையோ தட்டினான். எல்லாம் இருண்டது, வந்தது. முட்டை முட்டையாகவே இருந்தது.

"இன்னாடா ஆச்சு?"

"கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்ல மாமா. உங்க வூட்டு மூஞ்சியே அப்டிதான் இருக்குது."

சொல்லிவிட்டு ஒவ்வொரு வட்டத்தையும் பக்கவாட்டில் நெருக்கி உருண்டையாக்கினான். "முடிஞ்சுது. பிரிண்டுக்குக் குடு."

நேற்றுவரை வட்டமாக இருந்தவை ஒரே நாளில் எப்படி முட்டையாகும்? ஒன்பதாவதோடு நின்ற என் பேச்சை அந்த மேதை எங்கே கேட்பான்? பென் டிரைவோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனர் கடைக்குப் போனேன். கடைக்காரர் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னாண்ணா, சம்பந்தி வூட்ட மொத்தமா பட்டினி போட்டுட்டியா?"

அவர் திரையில் சம்பந்தியம்மா கொத்தவரங்காயாக நின்றிருந்தார்.

"சாயந்தரத்துக்குள்ள மாத்தி எடுத்துனு வா. நாளைக்கு முகூர்த்தம்."

வீட்டுக்கு ஓடிவந்து மானிட்டருக்குப் பின்னால் கைவிட்டேன். ஒயரைப் பாதி சொருகி, திருகாமலே விட்டிருக்கிறான் மகாராஜன்! மானிட்டர் தன் அளவைச் சொல்ல வழியே இல்லாதபோது கம்ப்யூட்டர் என்ன செய்யும்? அழுத்தித் திருகி மறுபடி ஆன் செய்தேன். அகலத் திரைக்கான 1920x1080 வந்து நின்றது. திரையிலும் எல்லாரும் ஒல்லியானார்கள். சம்பந்தியம்மாவில் ஆரம்பித்து ஒவ்வொருவராக அகலப்படுத்தினேன். மச்சானின் முகம் இருந்த வட்டத்தை மட்டும் தொடவில்லை.

மறுநாள் சம்பந்தியம்மா பேனரில் தன்னை ஒருமுறை பார்த்துவிட்டு நேராகப் பந்திக்குப் போனார். எனக்கு மூச்சு வந்தது. மச்சானோ மண்டப வாசலில், மாமா கம்ப்யூட்டரைத் தான்தான் சரிசெய்ததாக வருகிறவர்களிடம் அளந்துகொண்டிருந்தான். பேனரை நிமிர்ந்து பார்த்ததும் முகம் சுருங்கியது.

"மாமா, நான் மட்டும் ஏன் இப்டி இருக்குறேன்?"

"பேனர்ல ஒண்ணுமில்லடா. உன் மூஞ்சியே அப்டிதான்."