தேர் வந்துருச்சா?

என் தம்பிமேல் மாரியம்மன் இறங்கியதே என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் என்று கால் மணி நேரம் முழு மனதோடு நம்பியவன் நான். எனக்கு அப்போது பத்து வயது, அவனுக்கு ஏழு. உலகத்தைக் காக்கிற தாய் மற்ற வேலைகளையெல்லாம் போட்டுவிட்டு, மலேசியாவில் ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு என் கேஸை விசாரிக்க வந்திருக்கிறாள் என்று நினைக்கும் அளவுக்கு எனக்கு என்மேல் மரியாதை இருந்தது.

எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் தேரை இழுப்பது டிராக்டர். டிராக்டரை ஓட்டுவது அப்பா. வேட்டியும் திருநீறுமாக அவர் அதில் உட்கார்ந்திருப்பதை வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பார்க்கலாம். சாயங்காலம் நான்கு மணிக்குக் கிளம்புகிற தேர் தொழிலாளர் வீட்டு வரிசையான ஒவ்வொரு லயத்தின் முன்னாலும் நிற்கும். நிற்கிற இடத்திலெல்லாம் ஜனங்கள் தேங்காயைத் தார் ரோட்டில் ஓங்கி அடிப்பார்கள். சிதறுவதைப் பையன்கள் பாய்ந்து பொறுக்குவோம். பெரிய மூடி யாரிடம் இருக்கிறதோ அவன் அடுத்த திருவிழா வரைக்கும் ராஜா.

அந்த வருடம் எனக்குப் புதுச் சட்டை. அழுக்கானால் அம்மா தோலை உரித்துவிடுவாள். ஆகவே ராஜாவாகும் பொறுப்பைத் தம்பியிடம் ஒப்படைத்தேன்.

"குனிஞ்சே போடா. சாமி தேங்கா, மேல பட்டாலும் ஒண்ணும் ஆவாது."

குனிந்தே போனான். மேலே பட்டது.

இரண்டாவது லயத்து முனையில் யாரோ அடித்த தேங்காய் உடையாமல் துள்ளி, அவன் இடது காதுக்கு மேல் மோதியது. உறுமி மேளத்தில் வேறு யாருக்கும் அந்தச் சத்தம் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. விழுந்தவன் கொஞ்ச நேரம் அசையவில்லை. நான் கிட்டே ஓடுவதற்குள் எழுந்துவிட்டான். எழுந்து, அந்த முழுத் தேங்காயையே எடுத்து என்னிடம் நீட்டிச் சிரித்தான். இதுவரை எந்த ராஜாவுக்கும் கிடைக்காத முழுத் தேங்காய்!

தலையைத் தடவிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. என் வைத்திய அறிவு அதோடு தீர்ந்தது.

"அம்மாகிட்ட சொன்னே, அடுத்த வருசம் உன்னக் கூட்டிட்டு வரமாட்டேன்."

"சொல்ல மாட்டேண்ணே."

தேங்காயை என் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

நான்காவது லயத்தில் அவன் நடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண் எங்கேயோ போனது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினான். முதலில் பார்த்தது அத்தைதான்.

"ஐயோ, சின்னவன் மேல ஆத்தா வந்துருக்கா!"

நொடியில் கூட்டம் வட்டம் கட்டியது. மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், திருநீறு பூசினார்கள். உறுமிக்காரர்கள் அவன் முகத்துக்கு நேராக வந்து முன்னைவிட வேகமாக அடித்தார்கள். அம்மா கும்பிட்ட கையை இறக்காமல் அழுதாள்.

"என்ன கொற வச்சோம் தாயே, வாயத் தொறந்து சொல்லு!" என்றாள் அத்தை.

தம்பி அவளை வெறித்துப் பார்த்தான். "தேர் வந்துருச்சா?"

தேர் அவனுக்கு முன்னால் பத்தடி தூரத்தில், விளக்கும் பூவுமாக நின்றுகொண்டிருந்தது. அவன் மறுபடியும் கேட்டான். "தேர் வந்துருச்சா?"

"கீழ் லயத்துக்குத் தேர் போவாதுன்னு கமிட்டி முடிவு பண்ணுச்சுல்ல, அதான் கேக்குறா!" என்று ஒருவர் கத்தினார். கீழ் லயத்துக்காரர்கள் அழுதே விட்டார்கள். அப்பா அவசரமாக டிராக்டரில் ஏறித் தேரைத் திருப்பப் பார்த்தார்.

எனக்கு மட்டும் விஷயம் வேறு மாதிரி புரிந்தது. விசாரணை தொடங்கிவிட்டது. முதல் கேள்வி தேர். அடுத்தது தேங்காய். அதற்கடுத்தது நான். வயிற்றோடு ஒட்டியிருந்த தேங்காய் ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. ஆத்தா, அடுத்த வருசம் மொட்டை போட்டுக்கிறேன், பேர மட்டும் சொல்லிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போது தம்பி வாந்தி எடுத்தான்.

தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மாதா கோவிலுக்குப் போகிறவர். எங்கள் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் வந்து, கையைக் கட்டி நின்று, சாப்பிட்டுவிட்டுப் போவார். அன்று வட்டத்துக்குள் வந்து தம்பியின் முன்னால் குந்தினார்.

"சாமி வந்த புள்ள லா டிரெஸ்ஸர், தொடாதீங்க!" என்று அத்தை தடுத்தாள்.

"தொடலம்மா, கேக்குறேன். இவன் எங்கயாச்சும் விழுந்தானா? யாராச்சும் பாத்தீங்களா?"

பையன்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நிறுத்தினார். நான் இல்லை என்று தலையாட்டினேன். என் தலை நன்றாகத்தான் வேலை செய்தது.

தம்பியின் பார்வையும் சுற்றிச் சுற்றி வந்து என்மேல் நின்றது. ஒரு கண்ணின் கருமணி மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

"அண்ணே, தேர் வந்துருச்சா?"

ஆத்தா என்னை எதற்கு அண்ணே என்று கூப்பிடப்போகிறாள்?

சட்டையை இழுத்தேன். தேங்காய் டிரெஸ்ஸரின் காலடியில் விழுந்து உருண்டது. "இதுதான் பட்டுச்சு. ரெண்டாவது லயத்துல. நான்தான் போகச் சொன்னேன்."

உறுமி நின்றது. அப்பா என்னை அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. திறந்தபோது அவர் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

"தலைய ஆட்டாம காடியில ஏத்துங்க!" டிரெஸ்ஸர் சாவியோடு முன்னால் ஓடினார். அம்மா செருப்பில்லாமல் ஏறினாள். கார் அசாம் ஜாவா ஊர்ப் பக்கம் திரும்பி மறைந்தது. தேர் நடுரோட்டில் பாதி திரும்பினபடி நின்றது, ஓட்ட ஆளில்லாமல்.

பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். வெளியே ஒரு சொட்டும் வராமல் உள்ளே கசியும், அதனால்தான் முதலில் சிரிப்பான், பிறகு சாய்வான் என்று டாக்டர் சொன்னாராம். அது எனக்குப் புரியவில்லை. அவன் மொட்டைத் தலையோடு வீடு வந்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் சாதுவாக இருந்தவன் தட்டை வீசினான். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான், சத்தத்துக்குக் காதைப் பொத்தினான். காலையில் படித்த பாடம் மதியத்தில் இல்லை. என்னைப் பழிவாங்க நடிக்கிறான் என்றுகூட ஒரு வருடம் நினைத்திருக்கிறேன்.

இன்று அவனுக்கு நாற்பதுக்கு மேல். அசாம் ஜாவாவில் ஒரு செடி நர்சரியில் வேலை. செய்ய வேண்டியதையெல்லாம் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொள்வான். திருவிழா நாளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருப்பான். போனில் கேட்டதையே மறுபடி கேட்பான், நானும் மறுபடி சொல்வேன். என் ஒரே ஜோக்குக்கு இரண்டு முறை சிரிக்கிற ஆள் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான்.

அன்று அவன்மேல் யாரும் இறங்கவில்லை. உடையாத தேங்காய் ஒன்று இடது காதுக்கு மேல் பட்டது. நான் பார்த்தேன். சொல்வதற்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.