குணமாகாத பூனைக்காக ஒரு நன்றி

சகோதர சகோதரிகளே, ஈஸ்டர் முடிந்த வாரம் இதே பாலோ ஊர்ச் சபையில் எழுந்து, என் பூனை ரூபியைக் கர்த்தர் முழுசாகக் குணமாக்கிவிட்டார் என்று சொன்னேன். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தச் சாட்சி தவறு. அதைத் திருத்தத்தான் இன்று நிற்கிறேன்.

ரூபிக்கு இதயத் தசை தடித்துப்போகும் நோய். பரம்பரையாக வருவது, குட்டிக்கும் இருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்த மருத்துவர் அப்போதே சொன்னார். நுரையீரலில் நீர் கோக்காமலிருக்க மாத்திரை கொடுத்தார். நான் ஜெபித்தேன். இரண்டே வாரத்தில் ரூபி அலமாரி மேல் ஏறிக் குதித்தது. எனக்கு அது போதும். இனி மாத்திரை கொடுத்தால் விசுவாசக் குறைச்சல் என்று நிறுத்திவிட்டேன். என் அவசரபுத்தி உங்களுக்குத் தெரியாததா?

ரூபியின் ஒரே குட்டி ஜூலியை, சாஆ என்ற ஊரிலிருந்து இந்தச் சபைக்கு வரும் ஸ்டெல்லா அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். தாய்க்கே குணமாகிவிட்டதே, அவரை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை, ரூபி வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறியது. குளுவாங் நகரத்து மிருக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே பிராணவாயு கொடுத்தார்கள். வெளியே நாற்காலியில் நான் உடைந்துபோய் அழுதேன்.

"ஆண்டவரே, என் வாயால ஒரு உயிர் போயிடக்கூடாது" என்றேன். அப்படிச் சொன்னதுமே ஜூலியின் நினைவு வந்தது. உடனே போன் செய்தேன்.

"அக்கா, ரூபியோட வியாதி ஜூலிக்கும் இருக்கலாம். உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

"அலமாக், ஐயோ, இப்பதான் அத காடியில ஏத்தி கார் கதவச் சாத்தினேன். குட்டி போடாம இருக்க இன்னிக்கு ஆப்பரேஷன்லா."

"மயக்க ஊசி வேணாம்க்கா. மொதல்ல ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க."

"சபையில குணமாயிருச்சுன்னு சொன்னியே" என்றார் அக்கா.

ஜூலிக்கும் அதே நோய்தான். ஸ்கேன் பார்க்காமல் மயக்க மருந்து கொடுத்திருந்தால் தாங்கியிருப்பது சந்தேகம் என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். ரூபி மூன்றாம் நாள் வீடு வந்தது. அது குணமாகவில்லை, ஆகவும் ஆகாது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே தினமும் ஜெபிக்கிறேன்.

நம்பிக் கேளுங்கள், அவர் பதில் கொடுப்பார். அந்தப் பதில் யாரிடமாவது உண்மையைச் சொல்லச் சொன்னால், தள்ளிப்போடாமல் சொல்லிவிடுங்கள்.

ஸ்டெல்லா அக்கா அதோ உட்கார்ந்திருக்கிறார். என்மேல் இன்னும் கோபம்தான். இருக்கட்டும். அவர் வீட்டில் ஜூலி உயிரோடு இருக்கிறது, கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.