கொஞ்சம் தள்ளிக் குந்து

எழுபதுகளின் கடைசியில், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பக்கம் இருந்த எங்கள் கம்ப்யூட்டர் மையத்துக்குச் சீனியர் ஒருவரும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம். மெஷினை ஆட்டிவைக்கும் ஆதார புரோகிராம் அவர் பொறுப்பு. நான் வெறும் ஆபரேட்டர். அவருக்கு வழுக்கைத் தலை, காதில் எப்போதும் ஒரு பென்சில்.

குழந்தையோடு யாராவது ஏறினால் அவருக்குக் கை சும்மா இருக்காது. "அண்ணாத்த, கொஞ்சம் தள்ளிக் குந்து" என்று தனியாளை எல்லாம் எழுப்பி மாற்றி, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலியாக இருந்த சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பார். திட்டுவார்கள். சிரிப்பார்.

மெஷினிலும் அதே தொல்லைதான். மெமரியில் இடம் இருக்கும், ஆனால் துண்டு துண்டாக. பெரிய கணக்கு வந்தால் இடமில்லை என்று நின்றுவிடும். இடம் ஒதுக்கும் வரிகள் புரோகிராம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. அத்தனையையும் பிடுங்கி ஒரே இடத்தில் வைத்தார். ஓடாவிட்டால் பழையதையே போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

"இதுல புதுசா இன்னா சார் கீது?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா. முன்ன ஆளாளுக்கு சீட்டு குடுத்துகினு இருந்தானுங்க. இப்ப ஒரே கண்டக்டர். யாரை வேணா எழுப்பி மாத்தலாம்."

புதியதைப் போட்ட அன்று பெரிய கணக்கு நிற்காமல் ஓடி முடிந்தது. சாயங்கால பஸ்ஸில் எல்லாரையும் மாற்றி உட்காரவைத்ததில் அவருக்குத்தான் சீட்டு இல்லை. நான் எழுந்தேன்.

"வேணாம்பா, எழுந்துக்காத. இப்பத்தான் எல்லாம் சரியா கீது."

செங்கல்பட்டு வரை கம்பியைப் பிடித்தபடி, தன் வீட்டுக் கல்யாணப் பந்தியைப் பார்ப்பவர் போல நின்றே வந்தார்.